நெற்றிக்குப் பின்னால்

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே ஓடுகிற தனியார் பஸ் ஒன்றில் பொன்னுரங்கம் கண்டக்டராக இருந்தார். அந்த வேலைக்கு வேண்டிய தொண்டை அவருக்கு இல்லை. மற்ற கண்டக்டர்கள் "உள்ள போ, உள்ள போ" என்று கத்துகிற இடத்தில் அவர் படியில் நிற்பவனின் தோளைத் தொட்டு, "உள்ள எடம் இருக்கு சாமி" என்பார். ஆலப்பாக்கத்தில் மீன்கூடையோடு ஏறுகிற பெண்களை டிரைவர் முறைத்தால், கூடையைத் தானே வாங்கிப் பின்சீட்டுக்கு அடியில் தள்ளிவிடுவார். கல்லூரிப் பெண்கள் காலை நெரிசலில் அவர் நிற்கிற பக்கமாகவே ஒதுங்கி நிற்பார்கள். அங்கே நின்றால் யாரும் இடிக்க மாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

வீடு கடலூர் முதுநகரில். மனைவி அமராவதி திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் நின்றாள். ஒரே மகள் வெண்மதி சிதம்பரத்தில் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். மாடி போர்ஷனில் தம்பி செம்பியன் இருந்தான்; அண்ணனுக்கு இரண்டு வயது இளையவன், மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருந்தான். புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை வந்தால் பொன்னுரங்கம் சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவார். திரும்பி வரும்போது அவளுக்கும் ஒரு பஜ்ஜி பொட்டலம் இருக்கும். அவ்வளவுதான் அவருடைய கோபம்.

ஒருநாள் புதுச்சத்திரம் தாண்டியதும் மாடு குறுக்கே வந்தது. டிரைவர் பிரேக்கை மிதித்தார். முன்படி ஓரம் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த பொன்னுரங்கத்தின் நெற்றி கம்பியில் மோதியது. மோதின வேகத்தில் ரோட்டில் போய் விழுந்தார். புதுச்சேரிக்குக் கொண்டுபோய் மண்டையைத் திறந்து ரத்தக்கட்டை எடுத்தார்கள். பிழைப்பாரா என்று கேட்டதற்கு எல்லாரும் மேலே கையைக் காட்டினார்கள்.

பிழைத்தார். கண் திறந்ததும் அமராவதியின் பெயரைச் சொன்னார். மகள் எந்த வகுப்பு என்று சொன்னார். கடலூரிலிருந்து சிதம்பரம் வரை ஸ்டாப்பிங் எல்லாவற்றையும் வரிசையாக ஒப்பித்தார். கை கால் நன்றாக இருந்தது. வார்டில் இருந்தவர்கள், "ஒனக்குப் பூவோடயும் பொட்டோடயும் ராசி இருக்குதும்மா" என்று அமராவதியின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் திருவந்திபுரம் பெருமாள் கோயிலுக்கு நேர்ந்துகொண்டு, வீட்டுக்கு வந்த மாதமே அவரைக் கூட்டிப்போய் மொட்டை போட்டுவிட்டாள். மழித்த தலையில் தையல் வடு, ஒரு காதிலிருந்து மறு காது வரை கோடு கிழித்தது மாதிரித் தெரிந்தது.

அவரிடம் ஏதோ மாறியிருப்பது முதலில் தெருக்கோடி சாவு வீட்டில்தான் வெளிப்பட்டது. இறந்தவர் பொன்னுரங்கத்தோடு பள்ளியில் படித்தவர். மாலையோடு போய் நின்ற பொன்னுரங்கம் பிணத்தைப் பார்த்து, "வாயக் கட்டுங்கப்பா, ஈ பூந்துடப் போவுது" என்று சொல்லிவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். துக்கத்தில் ஏதோ உளறிவிட்டார் என்று அமராவதி இழுத்துக்கொண்டு வந்தாள். வழியில் அவர் முகத்தைப் பார்த்தாள். துக்கம் எதுவும் இல்லை. நல்ல பசி என்றார்.

அதற்கப்புறம் நாளுக்கொன்றாக வந்தது. சோறு வடித்து இறக்கும்போதே பாத்திரத்தில் கை விடுவார். மகளின் தட்டிலிருந்து முட்டையை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். குளித்துவிட்டுத் துண்டில்லாமல் கூடத்துக்கு வருவார். வெண்மதி கதவைச் சாத்திக்கொண்டு அழுதால், "என்னாத்துக்கு அழுவுறா?" என்று நிஜமாகவே தெரியாதவர் போலக் கேட்பார். அமராவதி கடிந்துகொண்டால் தலையாட்டுவார். "தப்புதான், இனிமே செய்யல" என்பார். மறுநாளும் அதையே செய்வார்.

புதுச்சேரி டாக்டரிடம் காட்டினாள். "பேசறாரு, நடக்கறாரு, ஞாபகம் இருக்குது. போகப் போகச் சரியாயிடும்" என்றார். மாடியிலிருந்த செம்பியன் அதையே வேறு விதமாகச் சொன்னான்.

"கொழுப்பு அண்ணி. எல்லாரும் தாங்குறீங்க இல்ல, அதான் ஆடறாரு. அவருக்கு எது தெரியல சொல்லுங்க? எல்லாம் தெரியுது."

பழைய கண்டக்டர் என்ற மரியாதைக்காக பஸ் முதலாளி அவரைத் திரும்ப வேலைக்கு வைத்துக்கொண்டார். அது நெடுநாள் நீடிக்கவில்லை. சில்லறை கேட்ட ஒரு பெரியவரைக் கெட்ட வார்த்தையில் திட்டினார் என்று புகார் வந்தது. பிறகு ஒருநாள் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டி நுழையும்போது, இறங்குவதற்காக எழுந்து நின்ற சுவேதா என்கிற கல்லூரிப் பெண்ணின் இடுப்பில் கை வைத்து, அவள் உடம்பைப் பற்றி வாய் கூசும்படி ஒன்று சொன்னார். பெண் அலறினாள். பஸ் ஸ்டாண்டே கூடிவிட்டது. ஆட்டோக்காரர்களும் பயணிகளும் சேர்ந்து அவரைக் கீழே தள்ளி அடித்தார்கள். யாரோ போனில் படம் பிடித்தார்கள். சாயங்காலத்துக்குள் அது ஊர் முழுக்கப் போய்விட்டது.

வெண்மதி அதைக் கல்லூரியில், தோழியின் போனில் பார்த்தாள். அடிபடுகிறவர் யார் என்று அந்தத் தோழிக்குத் தெரியாது. "நல்லா வேணும் இந்த நாய்க்கு" என்றாள். வெண்மதி பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அதன் பிறகு இரண்டு வாரம் கல்லூரிப் பக்கம் போகவில்லை.

வீட்டில் பொன்னுரங்கம் வீங்கிய உதட்டோடு உட்கார்ந்திருந்தார். படம் இருக்கிறது என்று கேள்விப்பட்டதும், "காமி, எப்பிடி அடிச்சானுவோன்னு பாக்குறேன்" என்று மகளின் போனைப் பிடுங்கினார். தான் அடிவாங்குவதைப் பார்த்துச் சிரித்தார். "பாரு பாரு, அந்த மஞ்ச சட்ட போட்டவன் செருப்பு எங்கியோ பறக்குது!"

அமராவதிக்கு அன்றைக்குத்தான் பயம் வந்தது. அதுவரை இருந்தது கோபமும் வெட்கமும். சுவரில் சாய்ந்துகொண்டு, இவர் யார் என்று நினைத்தாள்.

பஸ் ஸ்டாண்டு விஷயம் போலீஸ் கேசாகியிருந்தது. அதை விசாரித்த இன்ஸ்பெக்டர் தலையிலிருந்த வடுவைப் பார்த்துவிட்டு, நரம்பு டாக்டரிடம் காட்டச் சொன்னார். அந்த டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, சிதம்பரத்தில் மூளையையும் நடத்தையையும் பற்றி ஆராய்ச்சி செய்கிற ஒரு நிலையத்துக்கு அனுப்பினார். அங்கே கயல்விழி என்ற ஆராய்ச்சியாளர் இருந்தாள். முப்பது வயதிருக்கும். மங்கலம்பேட்டைக்காரி, பேச்சில் ஊர் வாசனை போகாதவள். தலையில் அடிபட்ட பிறகு குணம் மாறிப்போனவர்களை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆரம்பத்திலேயே ஒன்றைச் சொன்னாள்.

"அக்கா, இது வைத்தியம் இல்ல. ஆராய்ச்சி. இதனால அவருக்கு எதுவும் சரியாவும்னு நான் சொல்ல மாட்டேன். வேணாம்னு தோணிச்சின்னா எப்ப வேணா நிறுத்திக்கலாம்."

அமராவதி தலையாட்டினாள். ஆனால் மனசுக்குள் நம்பிக்கை இருந்தது. இத்தனை மிஷின் வைத்துப் பார்க்கிறவர்கள் ஒரு மாத்திரை கூடவா கொடுக்காமல் போய்விடுவார்கள்?

முதலில் அமராவதியைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டார்கள். அடிபடுவதற்கு முன்னால் எப்படி, இப்போது எப்படி. தன் முறை வரும்வரை காத்திருப்பாரா? மற்றவர் அழுதால் என்ன செய்வார்? சொன்ன வார்த்தைக்காக வருத்தப்படுவாரா? இப்போது எப்படி என்று சொல்வது சுலபமாக இருந்தது. முன்னால் எப்படி என்ற கேள்விதான் அவளை உடைத்தது. "எனக்குக் காய்ச்சல் வந்தா அவரு சாப்புட மாட்டாரும்மா" என்று சொல்ல ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. கயல்விழி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அவள் அழுது முடிக்கும்வரை இருந்தாள்.

பொன்னுரங்கத்துக்கு அந்த இடம் பிடித்துப்போயிற்று. தலையில் வலை மாதிரி ஒரு தொப்பியை மாட்டி, பசை தடவி, கம்பிகளை இணைத்து மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்தார்கள். "கல்யாண மாப்புள்ள மாதிரி இருக்கறனா?" என்று கேட்டார். குழாய் போன்ற ஸ்கேன் மிஷினுக்குள் அசையாமல் படுக்கச் சொன்னபோது பாட்டுப் பாடினார். மறுபடி மறுபடி எடுக்க வேண்டியிருந்தது.

ஆராய்ச்சியில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. அடிபட்டவரைப் போலவே வயதும் படிப்பும் உள்ள, அடிபடாத ஒருவருக்கும் அதே சோதனைகளைச் செய்து பார்ப்பார்கள். அப்போதுதான் எது காயத்தால் வந்தது, எது எல்லாருக்கும் உள்ளது என்று பிரிக்க முடியும். கயல்விழி பலரைச் சேர்த்திருந்தாள். செம்பியனையும் கேட்டாள். அவன் அண்ணனின் வேஷத்தைக் கலைக்கிற சந்தர்ப்பம் என்று நினைத்துக்கொண்டு ஒத்துக்கொண்டான்.

அவன் முன்னால் நான்கு சீட்டுகள் வைத்தார்கள். ஒவ்வொன்றிலும் வேறு வேறு நிறம், வேறு வேறு உருவம், வேறு வேறு எண்ணிக்கை. கையில் ஒரு கட்டுச் சீட்டு.

"ஒவ்வொண்ணா எடுத்து, இந்த நாலுல எதோட சேருதோ அதுக்குக் கீழ வைங்க. எப்படிச் சேக்கணும்னு நான் சொல்ல மாட்டேன். சரியா தப்பான்னு மட்டும் சொல்லுவேன்" என்றாள் கயல்விழி.

செம்பியன் நிறம் பார்த்து வைத்தான். சரி என்றாள். தொடர்ந்து வைத்தான், எல்லாம் சரி. திடீரென்று அதே மாதிரி வைத்ததற்குத் தப்பு என்றாள். முழித்தான். இன்னொன்று வைத்தான், அதுவும் தப்பு. பிறகு உருவம் பார்த்து வைத்தான். சரி. சொல்லாமல் விதியை மாற்றுகிறார்கள் என்று புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே மீதியை முடித்தான். இதில் என்ன இருக்கிறது என்று தோன்றியது.

பிறகு விரலில் இரண்டு பட்டையைக் கட்டி, திரையில் படங்கள் காட்டினார்கள். மரம், நாற்காலி, வயல். நடுவில் ரோட்டில் நசுங்கிக் கிடந்த ஒரு குழந்தை. செம்பியன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பக்கத்துக் கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருந்த கோடு சட்டென்று மேலே ஏறியது. "உள்ளங்கை வேர்க்கறத அளக்குது. நம்ம மறைச்சாலும் ஒடம்பு மறைக்காது" என்றாள் கயல்விழி.

அடுத்தது அண்ணனின் முறை. பக்கத்து அறையிலிருந்து வீட்டார் பார்க்கலாமா என்று கயல்விழி கேட்டாள். "பாக்கட்டுமே, என்னா கெட்டுடப் போவுது?" என்றார் பொன்னுரங்கம். அமராவதியும் செம்பியனும் அந்த அறையில், உள்ளே நடப்பதும் அந்தக் கோடும் தெரிகிற திரையின் முன்னால் உட்கார்ந்தார்கள்.

நிறம் பார்த்து வைக்கும்வரை அவரும் நன்றாகத்தான் செய்தார். விதி மாறியது. தப்பு என்றாள் கயல்விழி. மறுபடி நிறத்தில் வைத்தார். தப்பு. மறுபடியும் நிறம். தப்பு, தப்பு, தப்பு. செம்பியன் நாற்காலி விளிம்புக்கு வந்துவிட்டான்.

"வேணும்னே பண்றாரு" என்றான். குரலில் முன்பிருந்த உறுதி இல்லை.

உள்ளே பொன்னுரங்கம் வாய் திறந்தார். "இப்ப கலர் இல்லம்மா. வேற என்னமோ மாத்திட்ட நீ. உருவமா இருக்கும்."

"சரி, அப்படியே வைங்க" என்றாள் கயல்விழி.

அவர் சீட்டை எடுத்தார். உருவம் என்று வாய் சொல்லிக்கொண்டிருந்தபோதே கை போய் நிறத்தில் வைத்தது. வைத்த சீட்டை அவரே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியுது... ஆனா கை கேக்க மாட்டேங்குது" என்றார். முதல் தடவையாக அவர் சிரிக்கவில்லை.

படங்கள் வந்தன. மரம், நாற்காலி, வயல், குழந்தை. "ஐயோ பாவம், வண்டி ஏறிடிச்சி போல" என்று சரியாகச் சொன்னார். கோடு அசையவில்லை. நாற்காலிக்கு எப்படி ஓடியதோ அப்படியே ஓடியது.

செம்பியன் எழுந்து வராந்தாவுக்குப் போனான். அமராவதி பின்னாலேயே போனபோது சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான்.

"பஸ் ஸ்டாண்டுல அடி வாங்கிட்டு வந்த அன்னிக்கு நானும் ஒரு அற வுட்டேன் அண்ணி. உங்களுக்குத் தெரியாது."

"தெரியும்பா" என்றாள் அமராவதி. "சத்தம் கேட்டுது."

சோதனைகள் முடிந்த நாளில் அவள் கயல்விழியிடம் நேராகவே கேட்டுவிட்டாள். "மாத்திர எதுனா இருக்குதாம்மா?"

"இல்லக்கா. கோவத்தக் கொறைக்க டாக்டர் எதுனா குடுப்பாரு. பழைய ஆளாக் கொண்டார மருந்து இல்ல." நெற்றிக்குப் பின்னால் இருக்கிற பகுதி இரண்டு பக்கமும் நசுங்கியிருக்கிறது என்றும், வாய் வரை வந்ததை நிறுத்துவதும், அடுத்தவர் மனசு நோகுமே என்று உடம்பு பதறுவதும் அந்தப் பகுதியின் உதவியோடுதான் நடக்கிறது என்றும் சொன்னாள். அவரைத் தனியாகக் கூட்டத்துக்கு அனுப்ப வேண்டாம், திட்டிப் பயனில்லை என்றாள். கடைசியாகத் தயங்கித் தயங்கி இன்னொன்றைக் கேட்டாள். ஸ்கேனில் தெரிவது நிழல்தான். என்றைக்காவது அவர் காலமானால் மூளையைக் கொடுக்க முடியுமா, நேரடியாகப் பார்த்தால்தான் சில விஷயங்கள் உறுதியாகும் என்று. பொன்னுரங்கம் பக்கத்திலிருந்து, "எடுத்துக்கோ, எனக்கு அது எதுக்கு?" என்று சிரித்தார்.

கயல்விழி அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளவில்லை. "இவரு இப்ப எத வேணா குடுத்துருவாரு அக்கா. நீங்கதான் யோசிக்கணும். இப்ப பதில் சொல்ல வேணாம்."

கேஸ் அபராதத்தோடும் எச்சரிக்கையோடும் முடிந்தது. வேலை போனது போனதுதான். செம்பியன் அவரைத் தன் கடையில் கண் பார்வையில் உட்கார வைத்துக்கொண்டான். கெட்ட வார்த்தை பேசினால் ரேடியோவைச் சத்தமாக வைப்பான். அமராவதி வீட்டில் சோற்றுப் பாத்திரங்களை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். வெண்மதி பஸ்ஸை விட்டுவிட்டுக் கல்லூரிக்கு ரயிலில் போனாள். அப்பாவோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். இவர் அப்பா இல்லை என்று நினைத்தால் கோபம் வரவில்லை. அப்பாதான் என்று நினைத்த நாட்களில் வீட்டுக்கு வரவே பிடிக்கவில்லை.

அடுத்த வருஷம் ஐப்பசியில், காலையில் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தவருக்கு வலிப்பு வந்தது. அதற்கு முன் இரண்டு முறை வந்து நின்றிருக்கிறது. இந்த முறை நிற்கவில்லை. ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோதும் உடம்பு உதறிக்கொண்டிருந்தது. மத்தியானம் இறந்துபோனார்.

ஆஸ்பத்திரி மரத்தடியில் சொந்தக்காரர்கள் கூடியிருந்தபோது அமராவதி செம்பியனைக் கூப்பிட்டு, கயல்விழிக்குப் போன் போடச் சொன்னாள். விஷயம் தெரிந்ததும் பொன்னுரங்கத்துக்குப் பெரியப்பா முறையான கோவிந்தசாமி துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

"என்னாம்மா சொல்ற? உசுரோட இருந்தப்ப ஊர் அடிச்சிது. செத்தப்பறம் நீ மண்டையத் தொறக்கச் சொல்றியா? மொண்டமா அனுப்பி வைக்கப் போறியா அவன?"

"மாமா, ஒடம்பு முழுசா வரும். உள்ள இருக்கறத மட்டுந்தான் எடுப்பாங்க."

"அத எடுத்து என்னா பண்ணப் போறாங்க? அவன் வந்துருவானா?"

"வர மாட்டாரு." அமராவதியின் குரல் ஏறவில்லை. "அவரு பொறுக்கின்னு ஊரே சொல்லுது. எம் பொண்ணு போன்ல இன்னும் அந்தப் படம் வருது. அது அவரு பண்ணதா, அடிபட்ட எடம் பண்ணதான்னு யாராவது ஒருத்தர் கண்ணால பாத்துச் சொல்லட்டும் மாமா. எனக்கு அது தெரியணும்."

கோவிந்தசாமி செம்பியனைப் பார்த்தார். ஆண்பிள்ளை தடுப்பான் என்று எதிர்பார்த்தார். செம்பியன், "அண்ணி சொல்றதுதான்" என்றான். பெரியவர் அங்கிருந்து கிளம்பிப் போய்விட்டார். காரியத்துக்கும் வரவில்லை.

உடம்பு வந்தபோது தலையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தது. வெண்மதி துணியைக் கொஞ்சம் நகர்த்திப் பார்த்தாள். பழைய வடுவின் மேலேயே புதுத் தையல் போட்டிருந்தார்கள். துணியைச் சரிசெய்துவிட்டுக் கால்மாட்டில் போய் உட்கார்ந்தாள்.

சில மாதங்கள் கழித்துக் கயல்விழி நேரில் வந்தாள். போனிலேயே சொல்லியிருக்கலாம், வந்தாள்.

"ஸ்கேன்ல பாத்ததவிட ஜாஸ்தியா இருந்திச்சி அக்கா. கண்ணுக்கு மேல இருக்கற பகுதி ரெண்டு பக்கமும் சுருங்கிப்போயிருந்திச்சி. உள்ள போற நரம்பு நாரும் அறுந்திருந்திச்சி."

"அப்ப அதுதான் காரணம். அவரு இல்ல."

கயல்விழி ஆமாம் என்று சொல்லிவிடலாம். அந்த வீட்டில் எல்லாரும் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

"பெரும்பாலும் அதுதான்னு நான் நம்புறேன் அக்கா. ஆனா இதே எடத்துல அடிபட்டும் இப்படி ஆவாதவங்க இருக்காங்க. ஏன்னு எங்களுக்கு இன்னும் தெரியல. ஒருத்தர வச்சி முடிவு சொல்ல முடியாது. அதுக்குத்தான் நெறைய பேரப் பாக்கறோம்."

அமராவதி புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "பொய் சொல்லாம உள்ளதச் சொன்னியே, சரிம்மா" என்றாள். ஆனால் டீ போட எழுந்தவள் அடுப்படியிலேயே வெகுநேரம் நின்றாள்.

வெண்மதிதான் சும்மா இருக்கவில்லை. பஸ்ஸில் அப்பா கை வைத்த சுவேதா அவள் கல்லூரியிலேயே மூத்த வகுப்பில் படித்தாள்; அவளைத் தேடிப்போனாள். தான் யார் என்று சொன்னாள். அடிபட்டது, சீட்டு, கோடு, மூளையில் பார்த்தது எல்லாவற்றையும் சொன்னாள். மன்னிப்பும் கேட்டாள். சுவேதா கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டாள்.

"உங்கப்பாவப் பத்தி எனக்கு இது தெரியாது. அடிச்சது தப்புன்னு இப்ப தோணுது" என்றாள். பிறகு சொன்னாள்: "ஆனா நான் இன்னும் பஸ்ல ஏறினா ஓரமா, பைய இடுப்புல வச்சிக்கிட்டுத்தான் நிக்கறேன். அவரு மூள கெட்டுப்போயிருந்திச்சின்னு தெரிஞ்சா அது போயிடுமா சொல்லு?"

இருவரும் கேன்டீன் வரை சேர்ந்து நடந்துவிட்டுப் பிரிந்தார்கள்.

சாயங்காலம் அதை அம்மாவிடம் சொன்னாள். அமராவதி கடையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள், கால்களை நீட்டிச் சுவரில் சாய்ந்திருந்தாள்.

"அவ சொல்றதும் நெசந்தான்" என்றாள். "நாளைக்கு அவளப் பாத்தா, எங்கம்மா ஒன்ன விசாரிச்சாங்கன்னு சொல்லு."